பிரேக் விடவில்லையா, பிடிக்கவில்லையா? ஸ்கிட் ஸ்டியர் லோடரில் எதற்கு எந்த ரிப்பேர்

பாப்கேட் போன்ற ஸ்கிட் ஸ்டியர் லோடர் (மண் அள்ளும் சின்ன வண்டி) நகரவில்லை என்று ஆபரேட்டர் போன் செய்தால், அரை மணி நேரத்துக்குள் உரிமையாளர் முன் நாலு யோசனைகள் வந்துவிடும். சோலனாய்டை (கரண்ட் கொடுத்தால் காந்தமாகி இழுக்கும் காயில்) மாற்றுங்கள் என்பார் ஒருவர். சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் மோட்டாரை இறக்கி டிஸ்க் பேக் (பிரேக் பிளேட்டுகளின் அடுக்கு) போட்டால்தான் சரியாகும் என்பார் இன்னொருவர். வேறு வண்டியில் கழற்றிய மோட்டார் ஒன்று இருக்கிறது, அப்படியே மாட்டிவிடலாம் என்பார் மூன்றாமவர். கடைசியில் ஒருவர், பார்க்கிங் பிரேக்கையே ‘டைரக்ட்’ செய்துவிட்டால், அதாவது பிடிக்கவே முடியாதபடி செய்துவிட்டால், இன்றைக்கே வேலை ஓடும் என்பார். இந்த நாலுக்கும் ஆகிற செலவு ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பிரேக் விடவில்லையா, பிடிக்கவில்லையா? விடாத பிரேக்குக்குப் பெரும்பாலும் கரண்டோ ஆயில் அழுத்தமோ காரணமாக இருக்கும். மோட்டாரைத் திறக்காமலேயே சரியாகிவிடுகிற வாய்ப்பு அதிகம். பிடிக்காத பிரேக்கில் தேய்மானத்தைத்தான் முதலில் சந்தேகிப்போம், அங்கும் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் போடுகிற பணம் பாதி வீண்.

ஸ்கிட் ஸ்டியரில் காரில் இருப்பது போல ஓடும்போது மிதிக்கிற பிரேக் கிடையாது. இடது பக்கச் சக்கரங்களுக்கு ஒரு ஹைட்ராலிக் பம்ப்பும் மோட்டாரும், வலது பக்கத்துக்கு இன்னொரு ஜோடி. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஆயில் ஓட்டம் நின்று வண்டி நின்றுவிடும். அதனால் பார்க்கிங் பிரேக்குக்கு உள்ள வேலை, நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே பிடித்து வைப்பது மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டு நிறுத்துகிற பழக்கம் சில ஆபரேட்டர்களிடம் இருக்கிறது. ஆப்பு உடைவதற்கும் பிளேட் கருகுவதற்கும் அது ஒன்றே போதும்.

பிரேக்கில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. பாப்கேட்டின் 753, 763, 773 போன்ற பழைய மாடல்களில் இருப்பது ஆப்பு வகை. மோட்டாரோடு சுற்றும் டிஸ்க்கில் வெட்டுகள் இருக்கும், கரண்ட் நின்றதும் ஒரு இரும்பு ஆப்பு கீழே இறங்கி அந்த வெட்டில் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் கொடுத்தால் சோலனாய்டு ஆப்பை மேலே தூக்கிப் பிடிக்கும். இரண்டாவது ஸ்பிரிங் வகை. கேஸ் கம்பெனியின் எஸ்ஆர் வரிசையிலும் நியூ ஹாலண்ட் எல்200 வரிசையிலும் இதுதான். மோட்டாரோடு சேர்ந்த கூட்டுக்குள் அடுக்கடுக்காகப் பிளேட்டுகள் இருக்கும், ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும், ஆயில் அழுத்தம் வந்தால்தான் பிஸ்டன் ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிரேக்கை விடுவிக்கும். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று: கரண்டோ அழுத்தமோ போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வண்டி நகராமல் நிற்பது பல நேரம் பிரேக் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதை விடச் சொல்லும் கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

எதைத் தொடுவதற்கும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பக்கெட்டைத் தாங்கும் ஆர்மைத் தூக்கினால்தான் வேலை செய்ய முடியும் என்றால், வண்டியோடு வந்த ஆர்ம் தாங்கியைப் போட்ட பிறகுதான் கேபினைச் சாய்க்க வேண்டும். பிரேக்கைச் சோதிக்கிற வேலை என்பதால் வண்டி எதிர்பாராமல் நகரும் வாய்ப்பு மற்ற வேலைகளைவிட இதில் அதிகம்.

செலவில்லாத சோதனைகள்

சீட்டில் உட்கார்ந்து, சீட் பாரை (ஆபரேட்டரின் மடிக்கு மேல் வரும் பாதுகாப்புக் கம்பி) இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு எது எது வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆர்மும் பக்கெட்டும் அசையவில்லை, வண்டியும் நகரவில்லை என்றால் பிரேக்கை விட்டுவிடுங்கள். சீட் சென்சார், சீட் பார் சென்சார், ஃபியூஸ், பேட்டரி வோல்டேஜ் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். ஆர்ம், பக்கெட் எல்லாம் சரியாக ஓடி, சக்கரம் மட்டும் நகரவில்லை என்றால்தான் பார்க்கிங் பிரேக்கின் மேல் சந்தேகம் வரலாம்.

அடுத்தது, இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஸ்பிரிங் வகையில் பொதுவாக ஒரே வால்வுதான் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் அனுப்பும். இரண்டு பக்கமும் இறுகி நின்றால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: வயர், காயில், வால்வு, பம்ப். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அந்தப் பக்க ஹோஸ் அல்லது அந்தப் பக்கப் பிரேக். இந்த ஒரு சோதனையிலேயே சோலனாய்டு மாற்றுகிற யோசனை நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

நிறுத்திய வண்டி கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடினால் உடனே பிரேக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். பிரேக் இருப்பது மோட்டாரில், சக்கரத்தில் அல்ல. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு நடுவில் செயின் இருக்கிற வண்டிகளில், செயின் தொய்ந்திருந்தால் பிரேக் நன்றாகப் பிடித்திருந்தும் சக்கரம் ஆடும். ஒரு செயின் அறுந்திருந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இருக்காது. ஆப்பு வகையில் இன்னொன்று, வெட்டு ஆப்புக்கு நேராக வரும் வரை வண்டி சிறிது உருளத்தான் செய்யும். அது அந்த அமைப்பின் இயல்பு.

ஆப்பு வகை: சோலனாய்டா, ஆப்பா, டிஸ்க்கா

ஆப்பு விடவில்லை என்றால், முதலில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சரிவில் நின்றிருந்தால் வண்டியின் பாரம் முழுவதும் ஆப்பின் மேல் சாய்ந்திருக்கும், சோலனாய்டால் இழுக்க முடியாது. லீவரை மேட்டுப் பக்கமாக மெல்ல அசைத்துப் பாரத்தை எடுத்தால் ‘டக்’ என்று விடும். இதற்குச் சோலனாய்டு வாங்கியவர்கள் உண்டு.

சமதரையிலும் விடவில்லை என்றால் கேபினைச் சாய்த்து ஆப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். சிமெண்டுப் பாலும் மண்ணும் கோழி எருவும் அங்கே போய் இறுகியிருக்கும். சுத்தம் செய்து ஆப்பு கையால் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மல்ட்டிமீட்டரை எடுக்க வேண்டும். வழுக்க வேண்டுமே என்று கிரீஸை அப்பாதீர்கள், தூசி வந்து ஒட்டி மறுபடியும் அதே நிலைதான்.

சோலனாய்டுக்குள் இரண்டு காயில்கள். ஒன்று இழுக்கும் காயில், அதிக கரண்ட் எடுத்து ஒரு நொடி அளவுக்கு மட்டும் வேலை செய்யும். மற்றது பிடித்து வைக்கும் காயில், குறைந்த கரண்டில் நாள் முழுவதும் ஓடும். மீட்டரில் பார்த்தால் இழுக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும், பிடிக்கும் காயிலில் அதைப் போலப் பல மடங்கு. ஆப்பு மேலே ஏறி உடனே விழுந்துவிடுகிறது என்றால் பிடிக்கும் காயிலையோ அதன் வயரையோ பாருங்கள். ஏறவே இல்லை, ஆனால் காயிலுக்கு வோல்டேஜ் வருகிறது என்றால் இழுக்கும் காயில். வோல்டேஜே வரவில்லை என்றால் சோலனாய்டு நல்லதுதான், வயரிலும் எர்த்திலும் கனெக்டரிலும் தேட வேண்டும். 12 வோல்ட் வண்டியில் இழுக்கும் நேரத்தில் காயில் முனையில் 9, 10 வோல்ட்தான் நிற்கிறது என்றால் பேட்டரி முனையையும் எர்த்து வயரையும் சுரண்டிச் சுத்தம் செய்வது புதுச் சோலனாய்டைவிடப் பலன் தரும்.

சோலனாய்டு போய்விட்டது என்று உறுதியானால், கம்பெனி பொருளா, வெளி மார்க்கெட் பொருளா? என் கருத்து, வெளிப்பொருள் வாங்கலாம், ஆனால் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: மூன்று வயர் அமைப்பு, பிளஞ்சர் (காயிலுக்குள் நகரும் தண்டு) நகரும் தூரம், மாட்டும் துளைகள். பிளஞ்சர் அடிவரை போய் உட்காராவிட்டால் பிடிக்கும் காயிலுக்கு அதைத் தாங்கும் சக்தி இருக்காது. நூல் அளவு குறைந்தாலும் ஆப்பு விழும். மாட்டும்போது நீளத்தைச் சரி செய்து, பிளஞ்சர் முழுக்க உள்ளே போகிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிடுங்கள். இழுக்கும் வயரையும் பிடிக்கும் வயரையும் மாற்றிக் கொடுத்தால் இழுக்கும் காயில் தொடர்ந்து ஓடிக் கருகிவிடும். புதுச் சோலனாய்டு சீக்கிரமே புகைந்தால், பொருளைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். இழுக்கும் காயிலுக்குக் கரண்டை நிறுத்த வேண்டிய கண்ட்ரோலரோ டைமரோ கெட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஆப்பு பிடிக்கவில்லை என்றால் ஆப்பின் முனையும் டிஸ்க்கின் வெட்டும் உருண்டு தேய்ந்திருக்கும். ஆப்பு சின்னப் பொருள், புதிதாகப் போடுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. டிஸ்க்கைத்தான் வெல்டிங் வைத்து லேத்தில் பிடித்துத் தரலாம் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெல்டிங் சூட்டில் டிஸ்க் வளையும், வெட்டின் ஓரத்தில் இருந்த கடினம் போகும், சில மாதங்களில் மறுபடியும் உருளும். ஓட்டத்தில் ஆப்பு விழுந்து டிஸ்க்கில் விரிசல் விட்டிருந்தால் பேச்சே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஸ்பிரிங் வகை: இங்கேதான் பெரிய பணம்

இந்த வகையில் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்க்காமல் யாரும் மோட்டாரை இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரேக்கை விடுவிக்கும் ஆயில் பெரும்பாலான வண்டிகளில் சார்ஜ் பம்ப்பிலிருந்து (டிரைவ் அமைப்புக்குக் குறைந்த அழுத்தத்தில் ஆயில் ஊட்டும் சின்னப் பம்ப்) வருகிறது. அந்த அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 பார் வரை இருக்கும், உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சார்ஜ் போர்ட்டில் (அழுத்தம் பார்க்கும் துளையில்) ஒரு கேஜ், பிரேக் போர்ட்டில் ஒரு கேஜ். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

சார்ஜ் அழுத்தமே குறைவு என்றால் கோளாறு பிரேக்கில் இல்லை. ஃபில்டர் அடைப்பு, ஆயில் மட்டம், ரிலீஃப் வால்வு, பம்ப் தேய்மானம் என்று போக வேண்டும். சார்ஜ் சரியாக இருந்து பிரேக் போர்ட்டில் எதுவுமே வரவில்லை என்றால் வால்வும் அதன் காயிலும். இதில் வருவது சின்னக் காயில், 12 வோல்ட்டில் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 6 முதல் 10 ஓம் வரை காட்டும். சார்ஜ் சரி, பிரேக் போர்ட்டில் அழுத்தம் வருகிறது, ஆனால் போதவில்லை என்றால் பிஸ்டன் சீல் கசிவு. எந்தப் பக்கம் என்று தெரிய, ஒரு பக்க ஹோஸைக் கழற்றி முனையைப் பிளக் போட்டு அடைத்து, எஞ்சினை ஐடிலில் வைத்து கேஜை மட்டும் பாருங்கள், வண்டியை ஓட்ட வேண்டாம். அழுத்தம் ஏறிவிட்டால் அடைத்த பக்கம்தான் குற்றவாளி. அழுத்தம் முழுதாக வந்தும் சக்கரம் விடவில்லை என்றால் உள்ளே பிஸ்டனோ பிளேட்டோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, திறக்கத்தான் வேண்டும்.

பிடிக்காத பக்கத்துக்கும் இதே கேஜ் உதவும். பிரேக்கைப் போட்டதும் பிரேக் போர்ட்டில் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் வால்வுக்குள் நகரும் தண்டு (ஸ்பூல்) சிக்கியிருக்கலாம், காயிலுக்கு இன்னும் கரண்ட் போகலாம், திரும்பும் ஹோஸ் நசுங்கியிருக்கலாம். அழுத்தம் இறங்கியும் வண்டி உருண்டால் மட்டுமே பிளேட் தேய்ந்தது அல்லது ஸ்பிரிங் உடைந்தது என்று முடிவுக்கு வரலாம்.

சரி, மோட்டாரை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இப்போது சீல் கிட் மட்டும் போடுவதா, டிஸ்க் பேக்கும் சேர்த்தா, ரீகண்டிஷன் மோட்டாரா, புதுசா?

சீல் கிட் மட்டும் போடுவது, கசிவை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களுக்குச் சரி. அதாவது பிரேக் பாதி விட்ட நிலையில் வண்டியை ஓட்டவில்லை என்றால். ஓட்டியிருந்தால் கதை வேறு. மோட்டாருக்குச் சக்தி அதிகம், பிரேக் பாதி பிடித்திருந்தாலும் அதை மீறி வண்டி நகரும். ஆபரேட்டருக்கு வண்டி கொஞ்சம் மந்தமாக இருப்பதாக மட்டுமே தெரியும். உள்ளே பிளேட்டுகள் உரசிக் கருகிக்கொண்டிருக்கும். அப்படி ஓடிய பிரேக்கில் புதுச் சீல் போட்டு மூடினால், அந்தச் சீலும் சூட்டில் கெட்டுப்போன மேற்பரப்பில் தேய்ந்து சீக்கிரம் போகும்.

பிளேட்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து மேனுவலில் உள்ள குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்து ‘இன்னும் ஓடும்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். எல்லைக்கு அருகில் இருந்தாலே டிஸ்க் பேக் மாற்றிவிடுவது என் பரிந்துரை, ஏனென்றால் இந்த வேலையில் கூலியும் வண்டி நிற்கிற நாட்களும்தான் பெரிய செலவு, பிளேட் அல்ல. புதுப் பிளேட்டுகளை ஹைட்ராலிக் ஆயிலில் ஊறவைத்த பிறகு மாட்ட வேண்டும். மூடியைக் கழற்றும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே போல்ட்டை முழுக்கக் கழற்றினால் மூடி முகத்துக்கு வரும்.

மறுபக்க மோட்டாரையும் திறக்கலாமா? இரண்டும் ஒரே மணி நேரம் ஓடியவை, ஒரு சீல் போனால் மற்றதும் தூரத்தில் இல்லை. கேபினைச் சாய்த்து ஹோஸ்களைக் கழற்றிய நேரத்தில் இரண்டு பக்கமும் சீல் மாற்றிவிடுவது நல்லது. மறுபக்கப் பிளேட்டுகள் அளவில் நன்றாக இருந்தால் அவை இருக்கட்டும்.

ரீகண்டிஷன் மோட்டாருக்குப் போக வேண்டிய நேரம், பிரேக்கோடு மோட்டாரும் போயிருக்கும்போது. அதைத் தெரிந்துகொள்ள கேஸ் டிரெயின் ஹோஸில் (மோட்டார் கூட்டுக்குள் கசிகிற ஆயிலை டேங்குக்குத் திருப்பும் ஹோஸ்) வரும் ஆயிலை அளந்து பாருங்கள். மேனுவலில் சொன்னதைவிட அதிகமாக வந்தால் மோட்டாருக்குள்ளேயே கசிவு. அதன்மேல் புது டிஸ்க் பேக் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே மோட்டாரை இறக்க வேண்டி வரலாம். ரீகண்டிஷன் செய்பவரிடம் பெஞ்ச் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வாரண்டியும் எழுத்தில் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். புது மோட்டார் என்பது வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கும், வண்டி நின்றால் ஒப்பந்தமே போய்விடும் என்கிறவருக்கும்தான் கணக்குக்கு வரும்.

பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் மோட்டாரை நான் முழுக்கத் தவிர்ப்பேன். வெளியே அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மோட்டார்களுக்குள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் ஆயில் அளவு வேறாக இருக்கலாம். அப்படி மாட்டினால் லீவரை நேராகத் தள்ளினாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

பல மோட்டார்களில் பிரேக் பிளேட்டும் மோட்டாரும் ஒரே ஆயிலில் நனைந்தவை. பிளேட் கருகி உதிர்ந்திருந்தால் அந்தத் தூள் ஆயிலோடு பம்ப் வரை போயிருக்கும். ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். தூள் தெரிந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேங்கைக் கழுவாமல் புது மோட்டாரை மாட்டக் கூடாது.

‘டைரக்ட்’ செய்வது

ஆப்பைக் கட்டுக்கம்பியால் மேலே கட்டுவது, சீட் சென்சாரை ஜம்பர் வயரால் ஏமாற்றுவது, வால்வுக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். செலவு ஏதுமில்லை என்பதால் பலரை இழுக்கிறது. ஸ்கிட் ஸ்டியரின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் ஆபரேட்டர் இறங்குவது பக்கத்துக் கதவு வழியாக அல்ல, முன்பக்கமாக, இரண்டு ஆர்ம்களுக்கு நடுவே, பக்கெட்டைத் தாண்டி. பிரேக் இல்லாத வண்டி உருண்டால் முதலில் மாட்டுவது இறங்கிக்கொண்டிருக்கிற அவர்தான். ஒருவேளை லீவரில் அவர் முழங்கால் பட்டால்கூட வண்டி நகரும். உங்களிடம் வேலை செய்கிற ஒருவரை இந்த நிலையில் உட்கார வைப்பதற்கு எந்த அவசரமும் காரணமாக முடியாது. சீட் பாரைத் தூக்கிய நிலையிலும் பிரேக்கை விடுவித்து வண்டியை நகர்த்த, சில மாடல்களில் டிராக்‌ஷன் லாக் ஓவர்ரைடு பட்டன் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் வகையில் கைப்பம்ப்பை பிரேக் போர்ட்டில் மாட்டி விடுவித்து, டிரெய்லரில் ஏற்றலாம். அவை வண்டியை எடுப்பதற்கு, வேலை ஓட்டுவதற்கு அல்ல.

யாரிடம் கொடுப்பது

வயர், கனெக்டர், சோலனாய்டு, ஆப்பு வரை மல்ட்டிமீட்டர் தெரிந்த நல்ல மெக்கானிக் சைட்டிலேயே செய்துவிடுவார். டிஸ்பிளேயில் எரர் கோடு காட்டி, கண்ட்ரோலர் சம்பந்தப்பட்டதாகத் தெரிந்தால் டீலர்தான், அவரிடம் உள்ள கம்ப்யூட்டர் இல்லாமல் வெளியில் ஊகமாக மாற்றிக்கொண்டே போவார்கள். மோட்டார் சீலும் டிஸ்க் பேக்கும் என்றால் உள்ளூர் ஹைட்ராலிக் பட்டறை டீலரைவிட மோசமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போய்ப் பாருங்கள். கிரைண்டிங் தூசி பறக்கிற அதே மேஜையில் மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கழுவும் தொட்டி தனியாக, பிரித்த துளைகளுக்கு மூடி, மூடிய பிறகு அழுத்தச் சோதனை, இவை இருந்தால் கொடுக்கலாம்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சமதரையில், சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில், எஞ்சின் ஐடிலில், சீட்டில் உட்கார்ந்தபடி பிரேக்கைப் போட்டு லீவரை மெல்ல முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். வண்டி நகரக் கூடாது. பிறகு சீட் பாரைத் தூக்கினால் பிரேக் தானாக விழ வேண்டிய மாடல் என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். இதை வாரம் ஒரு முறை ஆபரேட்டரையே செய்யச் சொல்லி, வாட்டர் வாஷ் அடிப்பவரிடம் கேபினுக்கு அடியில் கனெக்டர்கள் மேல் நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.